மறுமுனையில் ஒரு கை!

டெலிபோன் அலறியது.

காலை மணி பதினொன்று இருபது. ஸ்டேஷனுக்கு அந்த நேரத்தில் வருகிற போன் எல்லாம் பர்ஸ் தொலைந்த கேஸ், அல்லது பக்கத்து வீட்டுக்காரன் குப்பை கொட்டிய கேஸ். ஏட்டு அவசரப்படவில்லை. டீ டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ... ஸ்டேஷன்!"

"ஐயா... எங்க மொட்டை மாடியில இருந்து ஒருத்தர் விழுந்துட்டாருய்யா... அசைவே இல்ல..."

பெண் குரல்.

"உங்க வீட்டு ஆளாம்மா?"

"இல்லய்யா... வீட்டு வரிக்கு அளக்க வந்தவரு..."

ஏட்டு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளறையை எட்டிப் பார்த்தார்.

"மேடம்! வரி ஏறுது ஏறுதுன்னு ஊரே புலம்பிட்டிருந்துச்சு. வரி போடறவர் மேல இருந்து கீழ இறங்கிட்டாராம்... ஒரே தடவையில!"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தாள். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. ஏட்டின் ஜோக்குகளுக்குச் சிரிப்பதை நிறுத்தி ஏழு வருடமாகிறது.

"ஜீப்பை எடுங்க ஏட்டையா!"

முப்பத்தோரு வீடுகள் உள்ள குறுகலான தெரு. வீடுகளுக்கு நடுவே ஒரு கை நுழைய இடமில்லை. கடைசி வீட்டு வாசலில் கூட்டம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு இருவரும் பின்கட்டுக்குப் போனார்கள்.

சிமெண்ட் தரையில் அவர் மல்லாந்து கிடந்தார். ஐம்பத்தெட்டு வயதிருக்கும். மடிப்புக் கலையாத சட்டை. சட்டைப் பையில் இரண்டு பேனா. தோளில் ஒரு தோள்பை. தலைக்குக் கீழே ரத்தம் உறைந்திருந்தது.

வலது கையில் அளக்கிற டேப்பின் வட்டமான தோல் பெட்டி. அதிலிருந்து புறப்பட்ட துணி டேப் சுவரோரமாக மேலே ஏறி, மொட்டை மாடிக்குள் போய் மறைந்திருந்தது.

"தானா விழுந்தவர்தான் மேடம்," என்றார் ஏட்டு. "பின்னாடி பார்க்காம நகர்ந்திருக்கார்... பாவம்!"

"பாவமா?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். "விறைப்பு சாரைப் பார்த்தா பாவம்னு சொல்றீங்க? பத்து வருஷமா வர்றாருங்க. ஒரு தடவை தண்ணி வேணுமான்னு கேட்டேன். 'வேணாம், தள்ளி நில்லுங்க'ன்னாரு. மனுஷன் முகத்துல ஒரு சிரிப்பு? ம்ஹூம்! செத்தவரைப் பத்திப் பேசக்கூடாதுதான்..."

பேசக்கூடாது என்று சொல்லிவிட்டு இன்னும் ஐந்து நிமிடம் பேசினாள். அவள் பேசியதற்குக் காரணம் இருந்தது. போன வாரம்தான் நகராட்சி மன்றம் புது பட்ஜெட்டை நிறைவேற்றியிருந்தது. ஊரின் குடிநீர்க் குழாய்கள் உளுத்துப் போய்விட்டன. மாற்றப் பணமில்லை. ஆகவே வீடுகளின் தலையில் கை வைத்தார்கள். ஆயிரம் சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்குப் பழைய வரி. ஆயிரத்துக்கு ஓர் அடி கூடினாலும் மூன்று மடங்கு! கவுன்சிலர்கள் கையைத் தூக்கினார்கள், மின்விசிறிகளை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு இந்தத் தெருவில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

வீட்டுக்காரி உள்ளே கட்டிலருகே நின்றிருந்தாள். ஐம்பத்தைந்து வயது. தெருவே அவளை டெய்லரக்கா என்று கூப்பிடும். கட்டிலில் அவள் கணவன். பஸ் கண்டக்டராக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து, உடம்பும் பேச்சும் போய், கண் மட்டும் மிச்சம். அந்தக் கண் பின்பக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"விழுந்தப்ப நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"இங்கதாம்மா. இவருக்குச் சாப்பாடு ஊட்டிட்டிருந்தேன். தொப்புன்னு சத்தம் கேட்டுச்சு."

"மாடிக்குப் போகவே இல்லையா?"

"இல்ல... அவரு தனியாத்தான் ஏறிப் போனாரு."

இன்ஸ்பெக்டர் மாடி ஏறினாள். தகரக் கூரை போட்ட ஒரு அறை. உள்ளே தையல் மெஷின். தைத்து முடித்ததும் முடிக்காததுமாகப் பள்ளிக்கூட யூனிபார்ம்கள் கரு நீலத்தில் குவிந்து கிடந்தன. மாடியின் மூன்று பக்கம் கைப்பிடிச் சுவர். பின்பக்கம் மட்டும் கட்டாமல் விட்டிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியின் குழாயில் டேப்பின் நுனி இறுக்கமாக முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

அவள் முடிச்சை வெகுநேரம் பார்த்தாள். பிறகு டேப்பைக் கையில் எடுத்து, கண்ணருகே கொண்டு போனாள்.

"ஏட்டையா... இவருடைய ஆபீசுக்குப் போகணும். அவர் தோள்பையையும் எடுத்துக்குங்க."

"தானா விழுந்தவருக்கு எதுக்கு மேடம் ஆபீஸ்?"

"விழுந்தார்ங்கறது சரி. தானாவாங்கறதுதான் தெரியணும்!"

நகராட்சி அலுவலகத்தின் வரிப்பிரிவில் இரண்டே மேஜைகள். ஒன்று காலி. இன்னொன்றில் ஒல்லியான கிளார்க் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் விறைப்பு சாருக்காக அழுத முதல் ஆள் அவர்தான்.

"டேப்பைக் குழாயில கட்டி வெச்சு அளப்பாரா சார் அவர்?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

கிளார்க் நிமிர்ந்தார்.

"கட்டவே மாட்டார் மேடம்! முடிச்சுலயே ரெண்டு மூணு அங்குலம் போயிடுமே. அவர் டேப்புல நுனி வளையம் அறுந்து வருஷக்கணக்காச்சு. புது டேப் கேட்டு அஞ்சு தடவை எழுதினார். நிதி இல்லன்னு அஞ்சு தடவையும் திருப்பி அனுப்பிட்டாங்க."

"அப்ப எப்படி அளப்பார்?"

"வீட்டுக்காரங்களைப் பிடிக்கச் சொல்வார். நுனியில இல்ல... ஒரு அடி குறியில கட்டைவிரலை வெச்சு இறுக்கிப் பிடிக்கணும். கடைசியில மொத்தத்துல ஒரு அடியைக் கழிச்சுப்பார். விதியும் அதுதான். மறுமுனையை வீட்டு ஆள் பிடிக்காம அளந்தா, அந்தப் படிவம் செல்லாது."

ஏட்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப... மறுமுனையில ஒரு ஆள் இருந்திருக்கணும்!"

"இருங்க ஏட்டையா, எழுந்திரிங்க. சார், அலமாரியில கிழிஞ்ச பழைய டேப் ஏதாவது இருக்கா? கொடுங்க. ஏட்டையா, நீங்க பெட்டியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே பின்னாடி போங்க. நல்லா இறுக்கி..."

ஏட்டு இழுத்தார். இன்ஸ்பெக்டர் ஒரு அடி குறியில் கட்டைவிரலை வைத்துப் பிடித்திருந்தாள்.

சட்டென்று விட்டாள்.

ஏட்டு மூன்று எட்டு பின்னால் தடுமாறிப் போய் அலமாரியில் மோதினார். ஃபைல்கள் தலையில் கொட்டின.

"ஐயோ மேடம்! சொல்லிட்டு விடக்கூடாதா?"

"அவர்கிட்டயும் யாரும் சொல்லல ஏட்டையா."

கிளார்க் கீழே விழுந்த ஃபைல்களைப் பொறுக்க ஆரம்பித்தார். அவற்றில் ஒரு கட்டை மட்டும் அவசரமாக அடியில் தள்ளினார். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டாள்.

"அதைக் கொடுங்க."

"அது... அந்தத் தெருவோட படிவங்க மேடம். முப்பது வீடு. நேத்து சாயந்திரமே கொடுத்துட்டார். ஒரு வீடுதான் பாக்கி. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள..."

"அஞ்சு மணிக்கு என்ன?"

"இன்னியோட எங்க வேலை முடியுது. அதே பட்ஜெட்ல அளக்கற வேலையையே தூக்கிட்டாங்க. நாளையில இருந்து விமானத்துல பறந்து படம் எடுத்து வரி போடுவாங்களாம். ஆனா இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அவர் கையெழுத்தோட வந்த அளவை அஞ்சு வருஷத்துக்கு யாரும் தொட முடியாது."

இன்ஸ்பெக்டர் படிவங்களைப் புரட்டினாள். தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு...

"முப்பது வீட்டுல ஒண்ணுகூடவா ஆயிரம் தாண்டல?"

கிளார்க் கதவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார்.

"பாதி வீடு தாண்டும் மேடம்! அளப்பார்... ஆனா அளந்ததை எழுத மாட்டார். பத்து வருஷமா அப்படித்தான். எனக்கு மட்டும் தெரியும்."

"காசா?"

"சே! ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டார் யார் வீட்டுலயும். ஏன் இப்படிக் கடுகடுன்னு இருக்கீங்கன்னு ஒருநாள் கேட்டேன். 'நான் போய்ச் சிரிச்சா காசு வாங்கிட்டேன்னு பேராயிடும். அப்புறம் வேற ஆளை அனுப்பிடுவாங்க. அவன் உள்ளபடி எழுதிடுவான்'னார்."

"எதுக்காக இதெல்லாம்?"

கிளார்க் மூக்கை உறிஞ்சினார்.

"அவர் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, வரி கட்டலன்னு ஒரு வீட்டை ஏலம் விட்டாங்க. ஏல நோட்டீஸை ஒட்டிட்டு வாடான்னு இவர்கிட்ட பசை வாளியைக் கொடுத்து அனுப்பினாங்க. அது அவங்க அம்மா வீடு மேடம். யாருக்கும் தெரியாது. இவரும் சொல்லல. போய் ஒட்டிட்டு வந்துட்டார்."

ஏட்டு தொப்பியைக் கழற்றினார். அவரிடம் ஜோக் எதுவும் இல்லை.

இன்ஸ்பெக்டர் தோள்பையைத் திறந்து முப்பத்தோராவது படிவத்தை எடுத்தாள். படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

மணி நான்கு. தெரு அடங்கியிருந்தது. பிணத்தை எடுத்துப் போயிருந்தார்கள். சிமெண்ட் தரையை யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள்.

டெய்லரக்கா கணவனின் முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, காலையில என்ன தைச்சிட்டிருந்தீங்க?"

"ஸ்கூல் யூனிபார்ம்மா. கரு நீலம்..."

"கரு நீலத் துணியில எந்தக் கலர் சாக்பீஸ்ல கோடு போடுவீங்க?"

பவுடர் டப்பா பாதியில் நின்றது.

"மஞ்சள்..."

இன்ஸ்பெக்டர் செத்தவரின் டேப்பைக் கட்டில் விளிம்பில் விரித்தாள்.

"இங்க பாருங்க. ஒரு அடி குறி. மேல்பக்கம் மஞ்சளா ஒரு கட்டைவிரல். அடியில மஞ்சளா ஒரு ஆள்காட்டி விரல். வேற எங்கயும் மஞ்சள் இல்ல, நுனி முடிச்சைத் தவிர. தனியா ஏறிப் போனவருக்கு யாருக்கா மறுமுனையைப் பிடிச்சது?"

டெய்லரக்கா கணவனின் சட்டையை இழுத்துவிட்டாள். தலையணையைச் சரி செய்தாள். எல்லாம் ஒழுங்காயிற்று என்று தெரிந்த பிறகுதான் திரும்பினாள்.

"கை நழுவிடுச்சுன்னு சொல்லிடலாமான்னு காலையில இருந்து யோசிக்கிறேம்மா. சொன்னா நீங்களும் நம்பிடுவீங்க. ஆனா நழுவல. நான்தான் விட்டேன்!"

ஏட்டு வாசலில் அப்படியே நின்றார்.

"ஏன்க்கா?"

"முந்தி கீழ இந்த ரூம்லதாம்மா மெஷின் இருந்துச்சு. இவரு படுக்கையில விழுந்ததும் கட்டில் போட இடம் வேணும்னு மாடியில அந்தத் தகர ரூமைக் கட்டினேன். அதுதான் இப்ப எமனா வந்துச்சு. அதைச் சேர்த்தா ஆயிரத்தைத் தாண்டிடும். மூணு மடங்கு வரி! ராப்பகலா தைச்சாலும் இவரு மருந்துக்கே சரியாப் போகுது. வீட்டை வித்துட்டு வாடகைக்குப் போனா, படுத்த படுக்கையா ஒருத்தரை வெச்சிருக்கற எனக்கு யாரும்மா வீடு தருவாங்க?"

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"காலைப் பிடிக்காத குறையாச் சொன்னேன். இவரையும் காட்டினேன். பார்த்தாரு... ஒண்ணும் சொல்லல. 'டேப்பைப் பிடிங்கம்மா'ன்னாரு. மேல போனதும், 'இது எப்பக் கட்டினது? யார்கிட்ட அனுமதி வாங்கினீங்க?'ன்னு அதட்டினாரு. அப்புறம் அந்தப் பக்கம் திரும்பி நின்னு என்னமோ எழுதினாரு. முடிஞ்சுது, நம்ம தலையெழுத்தை எழுதிட்டான்னு நெனைச்சேன்..."

அவள் பவுடர் டப்பாவை மூடினாள்.

"எழுதிட்டு, 'இன்னும் ஒரே ஒரு அளவு, பிடிங்க'ன்னாரு. இழுத்துக்கிட்டே பின்னாடி போனாரு. அவருக்குப் பின்னாடி சுவர் இல்ல. எனக்குத் தெரியுது... அவரு பார்க்கல. பின்னாடி பாருங்க சார்னு சொல்ல வாயெடுத்தேம்மா! சத்தியமா எடுத்தேன்! வாய் வரல. விரல்தான் வந்துச்சு."

"டேப்?"

"அவரோடவே ஓடிப்போச்சு. கீழ போனேன்... அவரு கண்ணு திறந்தபடியே இருந்துச்சு. நுனியை ஒரு கல்லுல சுருட்டி மாடிக்கு எறிஞ்சுட்டு, மேல போய்க் குழாயில கட்டினேன்."

கட்டிலில் இருந்தவரின் கண் ஓரத்தில் நீர் கோடாக இறங்கிக் காதுக்குள் போனது. விறைப்பு சார் விழுந்ததையும், மனைவி வந்து டேப் நுனியை எடுத்ததையும் அவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தார். மனைவிக்கு எதிராகச் சாட்சி சொல்ல அவரை யாராலும் கூப்பிட முடியாது. அது ஒன்றுதான் பக்கவாதம் அவருக்குச் செய்த உபகாரம்.

"கிளம்பலாமாக்கா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"வரேம்மா. ஒண்ணே ஒண்ணு கேட்கணும்..."

"கேளுங்க."

"அவரு என்னதாம்மா எழுதினாரு? மொத்தம் எவ்வளவு வந்துச்சு?"

ஏட்டு தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா. எவ்வளவோ பார்த்துட்டேன். ஆயிரத்துக்கு மேல எத்தனை?"

"வேணாம்க்கா..."

"எந்த நம்பருக்காக ஒரு உசிரை எடுத்தேன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

இன்ஸ்பெக்டர் படிவத்தை வெளியே எடுத்தாள். அவளுக்கே கேட்காத குரலில் படித்தாள்.

"'மாடியில் இருப்பது தற்காலிகக் கொட்டகை. கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. மொத்தம் தொள்ளாயிரத்து எண்பது சதுர அடி...'"

டெய்லரக்கா புரியாமல் பார்த்தாள்.

"தொள்ளாயிரமா? அப்ப வரி..."

"பழைய வரிதான்க்கா. அந்தப் பக்கம் திரும்பி நின்னு எழுதினாரே... அதுதான் இது. தெருவுல முப்பது வீட்டுக்கும் இப்படித்தான் குறைச்சு எழுதிக் கொடுத்திருக்கார். அதெல்லாம் கையெழுத்தாகி ஆபீசுக்குப் போயாச்சு. அஞ்சு வருஷத்துக்கு அவங்களை யாரும் அசைக்க முடியாது."

"எங்க வீடு?"

"உங்களுதுலயும் எல்லாம் எழுதிட்டாருக்கா. கடைசியா ஒரு தடவை அளக்கற மாதிரி அளந்துட்டு..."

"அளந்துட்டு?"

"கையெழுத்துப் போடறது மட்டும்தான் பாக்கி."

டெய்லரக்கா அலறவில்லை. மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. படிவத்தை வாங்கி, கீழே இருந்த வெற்றுக் கோட்டை விரலால் தடவினாள். அந்தக் கோட்டின் நீளத்தை அவள் மனம் தன்னை அறியாமல் அளந்திருக்கும். முப்பது வருடப் பழக்கம் அது.

"ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அந்த மனுஷன்!" என்றாள். பிறகுதான் உடைந்தாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். இன்ஸ்பெக்டர் அவளைத் தூக்கவில்லை. பக்கத்தில் தானும் தரையில் உட்கார்ந்தாள். போலீஸ் சட்டத்தில் அப்படி ஒரு விதி கிடையாது.

பத்து நிமிடம் கழித்து ஏட்டு தயங்கித் தயங்கி அருகே வந்தார்.

"மேடம்... மணி நாலு நாற்பது. அஞ்சுக்குள்ள ஆபீசுக்குப் போயிடலாம். ஒரு கையெழுத்துதானே... அவர் பேனா ரெண்டும் நம்மகிட்டதான் இருக்கு..."

"செத்தவர் கையெழுத்தை நான் போட்டா, அப்புறம் என்னை யார் ஏட்டையா அரெஸ்ட் பண்றது? உங்களுக்கு மனசு வருமா?"

"வராது மேடம்."

"எனக்கும் போடத்தான் ஆசை... ஆனா கை வரல."

அவள் படிவத்தை மடித்து உறையில் போட்டாள்.

"அந்த முப்பது வீட்டு விஷயம்? பொய்யளவுன்னு நமக்குத் தெரிஞ்சு போச்சே!"

"அங்க யாராவது விழுந்தாங்களா?"

"இல்ல மேடம்."

"விழாத வீட்டுக்கெல்லாம் போலீஸ் எதுக்கு?"

பக்கத்து வீட்டுப் பெண் உள்ளே வந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். விறைப்பு சார் குடிக்காமல் போன தண்ணீரை நினைத்தோ என்னவோ, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டெய்லரக்கா எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளைக் கட்டிலருகே கூட்டிப் போனாள்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடணும். இடது பக்கம் திருப்பினா முதுகுக்குத் தலகாணி வெச்சுடு. சாப்பாடு ஊட்டறப்ப தலையைத் தூக்கிப் பிடி, இல்லன்னா புரையேறும். நான் எங்கன்னு கண்ணாலயே கேட்பாரு. துணி வாங்கப் போயிருக்கேன்னு சொல்லு..."

"எத்தனை நாளைக்குக்கா அப்படிச் சொல்றது?"

டெய்லரக்கா குனிந்தாள். கணவனின் நெற்றியில் கை வைத்தாள். அதே கட்டைவிரல். பிறகு ஜீப்பை நோக்கி நடந்தாள். தெருவில் முப்பது வாசலிலும் ஆட்கள் நின்றார்கள்.

ஜீப் திரும்பும்போது ஏட்டின் செல்போன் அடித்தது. கிளார்க். ஏட்டு கேட்டார். 'ம்' என்றார். இன்னொரு 'ம்' என்றார். வைத்துவிட்டார்.

"என்னவாம்?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"இப்பதான் மன்றம் கூடுச்சாம் மேடம். நம்ம விறைப்பு சாருக்காக எல்லா கவுன்சிலரும் எழுந்து நின்னு ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்தினாங்களாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்! மொத்த பட்ஜெட்லயும் செலவே இல்லாத அயிட்டம் அது ஒண்ணுதானே மேடம்... அதைத் தாராளமா ஒதுக்கிட்டாங்க!"